கண்ணாடிக்கு மட்டும் துணி

பிரேக் தூசி மண் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் அதை ரோட்டுப் புழுதி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீரை அடித்தால் போய்விடும் என்று நம்புகிறார்கள். ஒவ்வொரு தடவை பிரேக்கை மிதிக்கும்போதும் உள்ளே பேடும் டிஸ்க்கும் உரசி, இரும்புப் பொடியும் கரியும் சுடச்சுட வந்து வீலில் ஒட்டுகின்றன. அதன்மேல் ஒரு மழை பெய்தால் போதும். பொடி துருப்பிடித்து, வீலின் மேல்பூச்சைக் கடித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் வராது. அந்தப் பொடியைச் சுரண்டித்தான் நான் இத்தனை வருஷம் வயிற்றைக் கழுவினேன்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் தங்கை மகன் பிரிட்டோ. சேலம் பைபாஸ் பக்கம் கடை போட்டிருக்கிறான். வண்டி கழுவும் கடை என்றால் அவனுக்குக் கோபம் வரும். டீட்டெயிலிங் ஸ்டுடியோ என்று சொல்ல வேண்டும். வீலுக்குக் கோட்டிங் போடுகிறானாம், தூசி ஒட்டாதாம். "பெரியம்மா, நீங்க ரிட்டயர்டு ஆகி சும்மாதான இருக்கீங்க, நம்ம ஆளுங்களுக்கு வந்து நாலு வார்த்தை சொல்லுங்க" என்று கூட்டிப்போனான். நானும் போய்ச் சொன்னேன். ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு கேட்டார்கள். ஒருத்தன் கொட்டாவி விட்டான். சரி, வாயால் சொன்னது ஏறவில்லை, எழுதியாவது வைப்போம் என்று எழுதுகிறேன். எழுதினால் மட்டும் ஏறிவிடப்போகிறதா என்றால், எனக்கு அந்த நம்பிக்கையும் இல்லை.

நான் சேலம் டவுன்காரி. பெயர் ஆரோக்கியமேரி. வீட்டுக்காரர் இறந்தபிறகு, எங்கள் பங்குச் சாமியார் ஒரு வார்த்தை சொல்லிவிட, ஒரு கார் சர்வீஸ் ஒர்க் ஷாப்பில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். துடைப்பத்திலிருந்து துணிக்கு வந்தேன், துணியிலிருந்து வீலுக்கு வந்தேன். வீல் பக்கம் யாரும் விரும்பி வரமாட்டார்கள். நாள் முழுக்கக் குந்தியே இருக்க வேண்டும். கால் மரத்துப்போகும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். யாரும் வராத இடம் என்பதால்தான் எனக்குக் கிடைத்தது.

வாட்டர் வாஷ் பகுதிக்கு மேலாள் நல்லதம்பி சார். திருச்செங்கோட்டுப் பக்கம் காடு தோட்டமெல்லாம் உள்ள குடும்பம். தண்ணீரும் சேறும் தெறிக்கிற இடத்தில் வெள்ளைச் சட்டைதான் போடுவார், ஆனால் ஒரு நாளும் அதில் ஒரு பொட்டு அழுக்கை நான் பார்த்ததில்லை. எல்லோரையும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். குரல் உயர்ந்தே கேட்டதில்லை. வீல் கழுவி முடித்ததும் பக்கத்தில் வந்து குனிவார். சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுப்பார். வீலின் ஆரக்கால்களுக்குப் பின்னால், நட்டு இருக்கும் குழிக்குள், விரலில் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றுவார். கறுப்பு வந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். கைக்குட்டையை நாலாக மடித்து, கறுப்பு மேலே தெரிகிறமாதிரி பானெட்டின் மேல் வைத்துவிட்டு, "இன்னொருக்கா பாத்துருங்க சாமி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். திட்டுகிற ஆளைத் திருப்பித் திட்டலாம். இவரை என்ன செய்வது? அந்தக் கைக்குட்டைக்குப் பயந்து நாங்கள் உயிரைக் கொடுத்துத் தேய்த்தோம்.

வேலை அவரிடம்தான் கற்றேன், அதை மறுக்கமுடியாது. வண்டி வந்ததும் தண்ணீரை அடிக்கக்கூடாது. புறங்கையை வீலுக்குப் பக்கத்தில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். கொதிக்கிற டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ளும், அப்புறம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் உதறும். ஆறியபிறகு வெறும் தண்ணீர். பிறகு சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும், உள்பக்கத்திலிருந்து வெளியே. நட்டுக் குழிக்குப் பழைய பல் பிரஷ். வீல் துடைத்த துணியைத் தவறிக்கூட பாடிக்குக் கொண்டுபோகக்கூடாது, அதில் இருக்கும் இரும்புப்பொடி பெயிண்டைக் கோடு கோடாகக் கீறிவிடும். காய்ந்தபிறகு மெழுகு. டயருக்குப் பாலிஷ் போட்டால் பக்கவாட்டில் மட்டும். ரோட்டில் படுகிற இடத்தில் பட்டால் வழுக்கும், டிஸ்க்கில் பட்டால் பிரேக்கே பிடிக்காது. கடைசியில் வண்டியை மெதுவாக உருட்டி நாலு தடவை பிரேக்கை மிதித்து டிஸ்க்கைக் காயவிட வேண்டும். இதெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. ஒன்றிலும் குறை சொல்ல முடியாது.

ஆனால் துருவேறிப்போன வீலுக்கு இதெல்லாம் எடுபடாது. அதற்கென்று ஒரு கேன் வரும். வெள்ளை கேன், மேலே எந்தப் பேரும் இருக்காது. கொண்டுவந்து கொடுக்கிறவர் ஒரு சில்லறைக் கெமிக்கல் வியாபாரி. என்ன சரக்கு என்று சொன்னால் மற்ற ஒர்க் ஷாப்காரர்கள் நேராக வாங்கிவிடுவார்களாம், அதனால் அவர் லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் தருவார். இது அவர் ஒருத்தர் பழக்கமும் இல்லை. இந்த ஊரில் வண்டிக்குப் போடுகிற எந்தத் தண்ணிக்கும் பேர் கிடையாது. நல்லதம்பி சாரும் கேட்கவில்லை. நாங்கள் அதை 'வீல் ஆசிட்' என்போம். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மக்கு, அதுதான் கணக்கு.

அந்தக் கேனுக்கென்றே ஒரு ஆள் வந்து சேர்ந்தான். பேர் செங்கோடன், வெண்ணந்தூர்க்காரன். என்னைவிடச் சின்னவன். அதற்குமுன் சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் மெருகு போடுகிற வேலை. கொலுசை ஆசிட்டில் நனைத்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டு, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்குவார்கள். உட்கார்ந்தே செய்கிற வேலை, முதுகு போய்விட்டது என்று இங்கே வந்தான். "குந்தி உக்காந்தா முதுகு புடிக்காதாடா?" என்று கேட்டேன். "அது சம்மணம் போட்டு உக்கார்றதுங்க்கா, இது குந்தறது. வேற வலிங்க" என்றான். அப்படி ஒரு ஆள்.

அவன் கையில் வீல் பட்டால் கொலுசு மாதிரி ஆகிவிடும். பொய் சொல்லவில்லை, கைக்குட்டை அவனிடம் மட்டும் வெள்ளையாகவே திரும்பிவரும். அவனைப் பார்த்தால் நல்லதம்பி சாருக்கு முகம் மலரும். எங்களுக்கெல்லாம் ஒரு ஜோடி க்ளவுஸ் கொடுத்திருந்தார்கள், மெல்லிசு ரப்பர். வீல் ஆரக்காலில் மாட்டிச் சீக்கிரம் கிழிந்துபோகும், புதுசு கேட்டால் வரும் வரும் என்பார்கள். செங்கோடன் அதையும் போடமாட்டான். விரல்நுனியால் தடவினால்தான் பொடி மிச்சம் இருக்கிறதா என்று தெரியும் என்பான்.

"செங்கோடா, அது ஆசிட்டுடா, க்ளவுஸ் போடு" என்று நான் கத்தியிருக்கிறேன்.

"மேரியக்கா, ஆசிட்டைப் பத்தி எங்கிட்டயா சொல்றீங்க?" என்று சிரிப்பான். "பட்டறைல அது கையில பட்டா அந்த நிமிசமே சுரீர்னு இழுக்கும். வலிச்சாத்தானுங்க அது ஆசிட்டு. இது பச்சத்தண்ணிங்க்கா, பேருக்கு ஆசிட்டு."

அவன் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஆசிட் பாத்ரூம் கழுவுகிற ஆசிட், பட்டவுடன் எரியும். இது எரியாது. ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. இந்தத் தண்ணீர் தெறித்து, ஒரு பெரிய வண்டியின் முன்கண்ணாடியில் பால் ஊற்றினமாதிரி வெள்ளை படர்ந்துவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. வண்டிக்காரர் வந்து ஆடித் தீர்த்துவிட்டுப் போனார். அதிலிருந்து நல்லதம்பி சார் ஒரு முறை வைத்தார்: வீல் ஆசிட்டை எடுப்பதற்கு முன்னால் வண்டியின் கண்ணாடி எல்லாவற்றையும் நனைத்த துணி போட்டு மூட வேண்டும். அவரே நின்று பார்ப்பார், ஒரு ஓரம் விலகியிருந்தால் இழுத்துவிடுவார். கண்ணாடிக்குத் துணி போட்டோம். கண்ணாடியைத் தின்கிற தண்ணீர் கையை என்ன செய்யும் என்று அங்கே ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் தொழிலில் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. சேலம், ராசிபுரம், நாமக்கல் என்று இருக்கிற அத்தனை வண்டியும் அன்றைக்கே பளபளக்க வேண்டும். வாசலுக்கு வெளியே ரோட்டிலும் வண்டி நிற்கும். அன்றைக்கு நல்லதம்பி சார் வந்து செங்கோடன் பக்கத்தில் குனிந்து, எப்போதும்போல மெதுவாகச் சொன்னார்.

"சாமி, தண்ணி கம்மியா ஊத்திக் கெட்டியாவே போட்டுக்கங்க. நேரமில்லை பாருங்க."

"ஆகட்டுமுங்க" என்றான். சாயங்காலம்வரைக்கும் அந்த வாளியில்தான் அவன் கை. அழுக்குப் போகவில்லை என்று ஒரு வண்டிகூடத் திரும்பி வரவில்லை. போகும்போது கையை உதறிக்கொண்டே, "விரலு கொஞ்சம் மதமதங்குதுங்க்கா, நாளைக்குப் பொரி திங்க வாரேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

மறுநாள் பூஜைக்கு வந்தவனைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். வலது கையில் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மூன்றிலும் எலுமிச்சம்பழம் சொருகியிருந்தான். நகச்சுத்து வந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான், பழத்தில் ஓட்டை போட்டு விரலை நுழைத்துக்கொள்வது.

"என்னடா செங்கோடா, வண்டிக்கு அடியில வைக்கிற பழத்தையெல்லாம் நீயே மாட்டிக்கிட்ட? வண்டி எதை நசுக்கும்?" என்று நான் கேலி செய்தேன்.

அவனும் சிரித்தான். ஆனால் உதடு வெளுத்திருந்தது. "ராத்திரி பூரா கண்ணை மூடலைங்க்கா. சுத்தியல்ல அடிக்கிறாப்பல இருக்குது. மூணு வெரலுக்கும் ஒண்ணா நகச்சுத்து வருமுங்களா?"

எங்கள் ஒர்க் ஷாப்பில் ஆயுத பூஜை அன்று இந்து, கிறிஸ்தவர் என்ற பேச்சே கிடையாது. எல்லோரும் நின்று கும்பிட்டுப் பொரி வாங்குவோம். புது வண்டி ஒன்றை நடுவில் நிறுத்தி, அதன் வீலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிற உரிமையை அந்த வருஷம் செங்கோடனுக்குக் கொடுத்திருந்தார்கள். அவனுக்கு அதில் அவ்வளவு பெருமை. பழங்களைக் கழற்றிவிட்டுச் சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டான். விட்டவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நான் போய்க் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல்நுனி மூன்றும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, தொட்டால் கட்டையாக இருந்தன. நகத்துக்கு அடியில் கருநீலம். நகச்சுத்து என்றால் சிவக்கும், சீழ் கட்டும். இது அது இல்லை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

"சார், இவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இப்பவே" என்றேன்.

நல்லதம்பி சார் கிட்டே வந்து பார்த்தார். "நகச்சுத்துதான் சாமி, பயப்படாதீங்க. நல்ல நேரம் முடியறதுக்குள்ள தீபத்தைக் காட்டிரலாம், அப்பறம் நம்ம வண்டியிலயே அனுப்பறேன்" என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னார். செங்கோடனும் "இருங்க்கா, பூசை நடுவுல எந்திரிச்சா நல்லா இருக்காது" என்றான். தீபம், பூசணிக்காய், பொரி, பொங்கல் எல்லாம் முடிகிறவரைக்கும் அந்த மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா பார்த்தார். "என்ன ஆசிட்?" என்று முதல் கேள்வி. வீல் ஆசிட் என்றேன். "அப்படி ஒரு ஆசிட் கிடையாதும்மா. அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தான் நான் மருந்து போட முடியும். கேன்ல பேர் இருக்கும், கேட்டுச் சொல்லுங்க" என்றார். நல்லதம்பி சாருக்குப் போன் போட்டேன். "வீல் ஆசிட்டுன்னே சொல்லுங்க சாமி, எனக்கும் அதுக்கு மேல தெரியாது" என்றார். அவர் மறைக்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. வியாபாரிக்குப் போட்டேன், பூஜை நாள், போன் அணைந்திருந்தது. செங்கோடன் பெஞ்சில் கிடந்து முழங்கையைக் கடித்துக்கொண்டிருந்தான். ஊசி போட்டும் வலி குறையவில்லை.

டாக்டரம்மா கொஞ்சநேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, "இந்தத் தண்ணி கண்ணாடில பட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"வெள்ளையா அரிச்சிரும்மா. அதுக்காகத் துணி போட்டு மூடுவோம்" என்றேன்.

அந்தப் பிள்ளையின் முகம் மாறியதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். ஓடிப்போய் யாரையோ கூட்டிவந்தார். கால்சியம் மருந்தை விரல்களில் ஏற்றினார்கள். கண்ணாடியை அரிக்கிற ஆசிட் ஒரே ஒரு வகைதானாம், அது தோலில் எரியாமல் உள்ளே இறங்குமாம், எலும்புவரைக்கும் போனபிறகுதான் வலி எடுக்குமாம். "நேத்து சாயங்காலமே வந்திருந்தா விரலைக் காப்பாத்தியிருக்கலாம். காலைல வந்திருந்தாக்கூட ஏதாவது பார்த்திருக்கலாம்" என்றார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டமாதிரி இருந்தது.

மூன்று விரலும் கறுத்து, கொஞ்ச நாளில் எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் அடியோடு போயிற்று. வலது கையில் கட்டைவிரல் இல்லாதவனுக்கு என்ன வேலை இருக்கிறது, சொல்லுங்கள். பிரஷ் பிடிக்க முடியாது. சோற்றைப் பிசைய முடியாது. சட்டைப் பித்தானை அவன் பெண்டாட்டிதான் போட்டுவிடுவாள்.

நல்லதம்பி சார் பழமும் ஹார்லிக்ஸுமாக வார்டுக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நிஜமாகவே அழுதார், நடிப்பு இல்லை. அழுதுகொண்டே, "நகச்சுத்து புரையோடிப் போச்சு சாமி, கவனிக்காம உட்டுட்டீங்களே" என்றார். பிறகு வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யாராவது வந்து கேட்டா க்ளவுஸ் குடுத்திருந்தாங்கன்னு சொல்லுங்க சாமி, குடுத்தது நெசந்தானுங்களே" என்றார். கம்பெனியிலிருந்து வந்து கேட்டவர்களிடம் நான் சொன்னேன்: கொடுத்தார்கள், கிழிந்துபோனது, புதுசு தரவில்லை, கெட்டியாகப் போடச் சொன்னார்கள். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். செங்கோடன் கம்பெனி ஆள் இல்லை, காண்ட்ராக்ட் ஆள் என்று முடித்துவிட்டார்கள். விடுமுறை கழிந்ததும் அதே வியாபாரி அதே கேனை இறக்கிவிட்டுப் போனார். செங்கோடன் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தான். நான் க்ளவுஸை என் சொந்தச் செலவில் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, ஓய்வுபெறுகிறவரைக்கும் அதே வேலையைத்தான் பார்த்தேன். சோறு வேண்டுமே.

எனக்கு ஆறாதது வேறு ஒன்று. செங்கோடன் இன்றுவரைக்கும் அதை நகச்சுத்து என்றே நம்புகிறான். டாக்டரம்மா சொன்னதை நான் எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லிவிட்டேன். "அந்தப் புள்ளைக்கு என்னங்க்கா தெரியும், சின்னப் புள்ள. நான் ஆசிட்டுலயே வளந்தவன். நல்லதம்பி சாரே சொன்னாருங்களே, நகச்சுத்துன்னு" என்பான். ஆசிட் என்று ஒத்துக்கொண்டால் தனக்குத் தெரிந்த ஒரே தொழிலும் தெரியாததாகிவிடும். கையும் போய் அதுவும் போனால் அவன் எதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்? அதனால் நானும் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன்.

பிரிட்டோ கடை போட்டதைக் கேள்விப்பட்டு, இந்த வருஷம் செங்கோடன் போன் செய்தான். "மேரியக்கா, நம்ம குமரேசன் டிப்ளமா முடிச்சுப்போட்டுச் சும்மா இருக்குறான். உங்க தங்கச்சி மவன் கடைல வீல் வேலைக்குச் சேத்துவிடுங்க. எங்கையி மாதிரியே அவனுக்கும் கையிங்க. நான் சொல்லிக்குடுத்துருக்குறேன்." குமரேசன் அவன் ஒரே மகன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உனக்குப் புத்தி இருக்குதாடா? வேற எந்த வேலைக்கு வேணும்னாலும் அனுப்பு, வீல் பக்கம் அனுப்பாத" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். பிரிட்டோவிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், அந்தப் பையனை எடுக்காதே என்று. அவனும் எடுக்கவில்லை. பெரிதாக ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு அன்றைக்குக் கோயிலில் ஒரு மெழுகுவத்திகூட ஏற்றினேன்.

போன மாசம் செங்கோடனைப் பார்க்கலாம் என்று வெண்ணந்தூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ரோட்டோரம், தகரக் கூரை போட்ட ஒரு வாட்டர் சர்வீஸ். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு காரின் வீலுக்கு முன்னால் குந்தியிருக்கிறவனின் முதுகு அப்படியே செங்கோடன் முதுகு. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன். குமரேசன்தான். பக்கத்தில் ஒரு கேன், அதில் பேர் இல்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன், அதே வாடை.

பிரிட்டோ கடையில் குறைந்தபட்சம் நல்ல க்ளவுஸாவது இருக்கிறது. நான் போய் நாளெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அங்கே வேண்டாம் என்று தடுத்து, இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறேன்.

"கையை எடுடா வெளிய" என்றேன். "க்ளவுஸ் எங்கடா?"

"வாங்க அத்தை, இந்த வெயில்ல நடந்தா வந்தீங்க?" என்று எழுந்தான். "க்ளவுஸு ஓனர் வாங்கித் தாரேன்னாருங்க." வாளியிலிருந்து எடுத்த கையைப் பேண்ட்டில் துடைத்து, எனக்குத் தைரியம் சொல்வதற்காக முன்னால் விரித்துக் காட்டினான். "பயப்படாதீங்க அத்தை. காத்தால இருந்து இதுலதான் கையை உட்டுட்டு இருக்குறேன். ஒரு பொட்டு எரிச்சல் இல்லீங்க."